பாலத்துக்கு இந்தப் பக்கம்

அதிகாலை மூன்றரை மணிக்கு அத்தானின் மோட்டார் சைக்கிள் சத்தம் என்னை எழுப்பியது. கூலாயில் அக்கா வீட்டு முன்கூடத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தேன். சன்னல் வழியே எட்டிப் பார்த்தால், அந்த வரிசையில் ஏழெட்டு வீடுகளில் விளக்கு எரிகிறது. மழைச்சட்டை, தலைக்கவசம், நெஞ்சோடு கட்டிய சிறு பைக்குள் கடப்பிதழ். ஒவ்வொரு வாசலிலும் ஓர் ஆண், சில வாசல்களில் பெண்கள். எல்லாரும் போகும் இடம் ஒன்றுதான். சிங்கப்பூர். ஐந்து மணிக்குள் ஜொகூர் பாலத்தைத் தாண்டாவிட்டால் குடிநுழைவு வரிசையில் மணிக்கணக்கில் புகையைக் குடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அத்தானுக்குப் பின்னால் அக்காவின் மூத்த மகன் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். அவனுக்கு வயது இருபத்து மூன்று. எஸ்.பி.எம். முடித்த கையோடு அங்கே ஒரு கிடங்கில் சேர்ந்தவன்.

1924இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அந்த ஒரு கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால் சம்பளத்தை மூன்றால் பெருக்கிக்கொள்ளலாம். ஒரு சிங்கப்பூர் டாலருக்கு மூன்று வெள்ளிக்கு மேல் கிடைத்துக்கொண்டிருக்கும் வரை, ஜொகூரில் பதினெட்டு வயதுப் பிள்ளை உள்ள எந்த வீட்டிலும் மேற்படிப்புப் பேச்சு இந்தப் பாலத்தில் வந்துதான் முட்டும். முந்தின நாள் இரவுச் சாப்பாட்டின்போதும் முட்டியது.

“நாலு வருஷம் படிச்சி, கடன் வாங்கி, வெளிய வந்து இங்க என்ன சம்பளம் தம்பி குடுப்பான்? அண்ணன் இப்பவே அதவிடக் கூட வாங்குறான்” என்றார் அத்தான். கோபத்தோடு சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார். அக்கா மகள் பதில் பேசாமல் மீன்முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். எஸ்.டி.பி.எம். மூன்றாம் தவணைத் தேர்வை முடித்திருந்தாள். பாடங்கள் வணிகவியல், பொருளியல், தமிழ், பொது அறிவு. வணிக மேலாண்மை படிக்க வேண்டும் என்பது அவள் விருப்பம். யூ.பி.யூ. விண்ணப்பம் மூட இன்னும் இரண்டு வாரம் இருந்தது. பொதுப் பல்கலைக்கழகங்களில் பன்னிரண்டு தேர்வுகளை வரிசைப்படுத்தி அனுப்ப வேண்டும். அந்தப் பன்னிரண்டில் ஒன்றைக்கூட அவள் நேரில் பார்த்ததில்லை. அந்த வீட்டிலும் யாரும் பார்த்ததில்லை.

அதற்காகத்தான் கிள்ளானிலிருந்து மூன்று நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தேன்.

எனக்கு இதில் சொந்த வலி ஒன்று உண்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கோலாலம்பூரில் கடைவீட்டு மாடி ஒன்றில் நடந்த தனியார் கல்லூரியில் வணிக மேலாண்மை படிக்கச் சேர்ந்தேன். செய்தித்தாளில் முழுப்பக்க விளம்பரம் வந்திருந்தது. வெளிநாட்டுப் பட்டம் என்றார்கள். அப்பா தோட்டத்துச் சேமிப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். படிப்பு முடிந்து அரசு வேலைக்கு மனுப் போட்டபோதுதான் அந்தச் சான்றிதழுக்கு இங்கே அங்கீகாரம் இல்லை என்று தெரிந்தது. அந்தக் கல்லூரி இப்போது இல்லை. தனியார் உயர்கல்விக்கென்று இந்த நாட்டில் சட்டம் வந்ததே 1996இல்தான். இன்று தரத்தைப் பார்க்கும் எம்.கியூ.ஏ. அமைப்பு 2007இல் வந்தது. அதன் பதிவேட்டில் கல்லூரியின் பெயரையும் படிப்பின் பெயரையும் யாரும் தட்டிப் பார்க்கலாம். கைப்பேசியில் இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடம் அன்றைக்கு என் அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. பிறகு பகுதிநேரமாகக் கணக்கியல் படித்து, கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்து, இப்போது அங்கே செயல்பாட்டுப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஆண்டுதோறும் பயிற்சிக்கு வரும் மேலாண்மை மாணவர்கள் என் மேசைக்குத்தான் வருகிறார்கள்.

கூலாய்க்கு வரும் வழியில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி மூவாரில் ஒரு மணி நேரம் நின்றேன். ஆற்றங்கரையை ஒட்டிய பழைய கடைத்தெருக்களில் ஒரு காலத்தில் செட்டியார்கள் வட்டிக்கடை வைத்திருந்தார்கள். மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் எத்தனையோ அவர்கள் கொடுத்த கடனில் நட்டவை. நான் நினைத்துக்கொண்டு நின்றது அவர்கள் பிள்ளைகளை வளர்த்த முறையைப் பற்றி. பதினான்கு பதினைந்து வயதில் செட்டிநாட்டிலிருந்து கப்பலேற்றி விடுவார்கள். வந்திறங்கும் பையன் முதலில் பெட்டியடியில் உட்கார வேண்டும். கிட்டங்கியைக் கூட்டுவான், கடிதம் கொண்டுபோவான், வட்டி பார்ப்பான், மனக்கணக்குப் போடுவான். சில ஆண்டில் அடுத்தாள். அதன் பிறகு மேலாள். மூன்றாண்டுக் கணக்கு முடிந்து ஊருக்குத் திரும்பும்போது ஐந்தொகையை முதலாளி முன் வைத்து ஒவ்வொரு காசுக்கும் பதில் சொல்ல வேண்டும். தமிழர்கள் நடத்திய மேலாண்மைக் கல்லூரி அது. சாதிக்குள்ளும் குடும்பத்துக்குள்ளும் மூடியிருந்த கல்லூரி. தோட்டத்துப் பையனுக்கோ எந்தப் பெண்ணுக்கோ அதில் இடம் கிடையாது. ஆனால் பாடத்திட்டத்தில் குறை சொல்ல முடியாது. வேலையைச் செய்துகொண்டே, பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, கணக்கு ஒப்படைக்கும் பொறுப்போடு படித்தார்கள். இன்றைய பல்கலைக்கழகங்களில் கடைசித் தவணையில் வைத்திருக்கும் தொழிற்பயிற்சி அந்தப் பெட்டியடியின் பேரப்பிள்ளைதான்.

முதல் நாள் அக்கா மகளும் நானும் பாரிட் ராஜா போனோம். கூலாயிலிருந்து பழைய கூட்டரசுச் சாலையில் வடக்கே. சிம்பாங் ரெங்கம் வரை இருபுறமும் செம்பனை. ஆயர் ஹீத்தாமில் பூச்சாடிகளும் மண் குடுவைகளும் அடுக்கிய கடைகள். அங்கே மேற்கே திரும்பினால் பத்து பகாட் சாலை. பாரிட் என்றால் மலாயில் வாய்க்கால். சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துக் குடியேறியவர்களின் ஊர்கள் இவை. பத்து பகாட் வட்டாரத்தில் பாரிட் என்று தொடங்கும் ஊர்ப்பெயர் ஏராளம். வழியெல்லாம் அவள் அந்தப் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தாள்.

மூன்றாவது பிரதமர் துன் ஹுசேன் ஓனின் பெயரைத் தாங்கிய பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. 1993இல் பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் மையமாகத் தொடங்கி, 2000இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகி, 2007இல் முழுப் பல்கலைக்கழகமானது. சமதரையில் பரந்து கிடக்கிறது. வெயில் நேராக இறங்குகிறது. தொழில்நுட்ப மேலாண்மைக்கும் வணிகத்துக்குமான புலத்தில் உற்பத்தி மேலாண்மை, கட்டுமான மேலாண்மை, நிலச்சொத்து மேலாண்மை என்று பட்டங்கள் இருக்கின்றன. அவள் முகம் கொஞ்சம் வாடியது. “வெறும் பிசினஸ் மேனேஜ்மெண்ட்னு இல்லயா மாமா?”

இந்த இடத்தில் நாங்கள் கொஞ்ச நேரம் நின்றுதான் பேசினோம். நிழலாக இருந்த ஒரு சிமெண்டுத் திண்ணையில். மேலாண்மை என்ற ஒரே சொல்லுக்குள் பல படிப்புகள் இருக்கின்றன. உற்பத்தி மேலாண்மை என்றால் தொழிற்சாலையில் ஒரு பொருள் எத்தனை மணிக்குள், எத்தனை கழிவோடு, என்ன செலவில் வெளியே வருகிறது என்று பார்ப்பது. நிலச்சொத்து என்றால் மதிப்பீடு, வாடகை, நிலச்சட்டம். இவை குறுகிய வாசல்கள். ஆனால் வாசலுக்கு அப்பால் வேலை எங்கே இருக்கிறது என்று தெரியும். பொது வணிக நிர்வாகம் அகலமான வாசல். உள்ளே போனவர்களில் பாதிப் பேருக்கு எந்தப் பக்கம் நடப்பது என்று கடைசி ஆண்டு வரை தெரியாது. மருத்துவம் படித்தவருக்கு மருத்துவ மன்றத்தில் பதிவு உண்டு. சட்டம் படித்தவருக்கு வழக்கறிஞர் உரிமம் உண்டு. மேலாண்மை படித்தவருக்கு அப்படி எந்தத் தாளும் இல்லை. வீட்டை ஒட்டிய மளிகைக்கடைக்காரர் பட்டமில்லாமலே அந்த வேலையைச் செய்கிறார். அதனால் இந்தப் படிப்பில் பட்டத்தின் பெயரை மட்டும் நம்பி உள்ளே போகக் கூடாது. நான்கு ஆண்டில் கைக்கு என்ன வருகிறது என்பதைக் கேட்டுவிட்டுப் போக வேண்டும்.

என் மேசைக்கு வரும் பயிற்சி மாணவர்களிடம் இதைக் கண்கூடாகப் பார்க்கிறேன். பெரிய பெயருள்ள இடத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குப் பயிற்சியின் முதல் நாளில் விலைப்பட்டியலுக்கும் கட்டளைச் சீட்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை. சந்தைப்படுத்தல் கோட்பாடுகளை ஒப்பித்தாள். அதே மாதம் வந்த இன்னொரு பையன், யாரும் அதிகம் கேள்விப்படாத கல்லூரி, இரண்டாம் வாரத்தில் கப்பல் முகவருக்கு மின்னஞ்சல் எழுதித் தாமதக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்டான். குறைத்தார்கள். அவன் படித்த இடத்தில் மூன்றாம் ஆண்டு முழுவதும் உள்ளூர்க் கடைகளின் உண்மையான கணக்கை வைத்துப் பாடம் நடத்தியிருந்தார்கள்.

அங்கே கேண்டீனில் சந்தித்த தமிழ் மாணவர் ஒருவர், பேராக்கிலிருந்து வந்தவர், மூன்றாம் ஆண்டு, அவளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கினார். எந்த விரிவுரையாளர் நன்றாக நடத்துவார், விடுதி எத்தனை தவணைக்குக் கிடைக்கும், வெளியே அறை எடுத்தால் என்ன ஆகும் என்றெல்லாம் சொன்னார். கடைசியாக, “யூ.பி.யூ.ல இத எட்டாவதா போட்டேன், என்ன படிப்புன்னே தெரியாது. கெடச்சிருச்சின்னு வந்துட்டேன்” என்றார். இப்போது பிடித்திருக்கிறதா என்று அவள் கேட்டாள். “இப்ப பிடிக்குது. ஆனா முதல் வருஷம் ரொம்ப அழுதேன் தங்கச்சி.”

திரும்பும் வழியில் அவள் வேறொன்றைக் கேட்டாள். தன்னைவிடக் குறைந்த புள்ளி எடுத்த தோழி மெட்ரிகுலேஷன் முடித்து முன்னாலேயே பல்கலைக்கழகம் போய்விட்டாளே, ஏன்? இந்தக் கேள்விக்கு நான் மழுப்பாமல்தான் பதில் சொன்னேன். மெட்ரிகுலேஷன் இடங்களில் தொண்ணூறு விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கு. 2019இல் மொத்த இடத்தை 25,000இலிருந்து 40,000ஆகக் கூட்டியபோதும் அந்த விகிதம் மாறவில்லை. எஸ்.பி.எம்.மில் பத்து ஏ எடுத்தவர்களுக்கு இனம் பார்க்காமல் இடம் உண்டு என்று 2024இல் பிரதமர் அறிவித்தார். நல்ல அறிவிப்பு. ஆறு ஏ, ஏழு ஏ எடுத்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதனால் பயனில்லை. சிகாமட்டிலும் பாசிர் கூடாங்கிலும் வளாகம் வைத்திருக்கும் யூ.ஐ.டி.எம். பூமிபுத்ராக்களுக்கு மட்டுமே. ஆக நம் பிள்ளைகளில் பெரும்பாலானவருக்கு மிஞ்சுவது ஆறாம் படிவம். கடினமான தேர்வு, ஆனால் பொதுப் பல்கலைக்கழகத்துக்கு மிக மலிவான பாதை. அந்தக் கடினத்தைத் தாண்டியவள் பல்கலைக்கழகத்தில் தடுமாற மாட்டாள் என்று சொன்னேன். அப்படித்தான் நம்புகிறேன்.

இரண்டாம் நாள் ஸ்கூடாய். கூலாயிலிருந்து அரை மணி நேரம்தான். வாயிலைத் தாண்டியதும் சாலை மேடேறி இறங்குகிறது. நடுமேட்டில் நீலக் குவிமாடத்தோடு பள்ளிவாசல், அதைச் சுற்றி வளையமாகப் புலங்கள். மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், எல்லாரும் சொல்வது யூ.டி.எம். கோலாலம்பூரில் 1904இல் தொழில்நுட்ப வகுப்பாக முளைத்து, 1975இல் இந்தப் பெயரைப் பெற்று, எண்பதுகளில் இங்கே குடிவந்தது. பொறியியலுக்குப் பெயர் போன இடம். மேலாண்மைப் பள்ளிக்கு வங்கியாளர் அஸ்மான் ஹாஷிமின் பெயரை வைத்திருக்கிறார்கள். தொழில்நுட்பத்தோடு சேர்ந்த மேலாண்மை, சந்தைப்படுத்தல், கணக்கியல் என்று பட்டங்கள்.

பொறியியல் பல்கலைக்கழகத்துக்குள் மேலாண்மை படிப்பதில் ஒரு தனி லாபம் உண்டு. பக்கத்து விடுதி அறையில் மின்னணுவியல் படிக்கும் பெண் இருப்பாள், எதிர் அறையில் கட்டடக்கலை. பின்னாளில் யாரோடு வேலை செய்யப் போகிறாளோ அவர்களோடு பத்தொன்பது வயதிலேயே சண்டை போட்டுப் பழகலாம். குறையும் உண்டு. அப்படிப்பட்ட இடங்களில் மேலாண்மைப் புலம் வீட்டின் இரண்டாம் பிள்ளைதான். இரண்டையும் அவளிடம் சொன்னேன். அவள் சுல்தானா சனாரியா நூலகத்தின் முன் நின்று, மழை வரும்போல இருந்த வானத்தைப் பார்த்துவிட்டு, “இங்கேன்னா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அம்மா கையால சாப்பிடலாம்” என்றாள். அது சின்ன விஷயமில்லை. விடுதிச் செலவு, பஸ் செலவு, தீபாவளிக்கு முன் அம்மாவுக்கு ஒரு கை.

தீபாவளியைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அக்கா பத்து ஆண்டாக முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்கிறாள். மூன்றாண்டாக அந்த வியாபாரத்தை நடத்துவது இவள்தான். வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுப்பாள், எண்ணெய் விலை ஏறும் முன் டின் கணக்கில் வாங்கி வைப்பாள், பாக்கி வைத்தவர்களை மரியாதை குறையாமல் கேட்டு வாங்குவாள். போன ஆண்டு அதிரசத்தில் நட்டம் என்று கண்டுபிடித்து விலையை ஏற்றச் சொன்னவளும் இவள்தான். அக்கா முதலில் மறுத்து, பிறகு ஏற்றினாள். ஆர்டர் குறையவில்லை. அந்த நோட்டுப் புத்தகத்தை அன்றிரவு எனக்குக் காட்டினாள். பல்கலைக்கழக நேர்காணலில் யாராவது கேட்டால் இந்த நோட்டைத்தான் காட்ட வேண்டும் என்று சொன்னேன்.

ஸ்கூடாயிலேயே தெற்குப் பல்கலைக்கழகக் கல்லூரியையும் வெளியிலிருந்து பார்த்தோம். 1990இல் சீனச் சமூகம் நன்கொடை திரட்டி நிறுவியது, லாப நோக்கமில்லாதது, 2012இல் பல்கலைக்கழகக் கல்லூரியானது. ஜொகூர் தமிழர்களிடம் எழுபது தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, ஒரு கல்லூரி இல்லை. நம் சமூகத்தின் பெயரைச் சொல்லும் ஏய்ம்ஸ்ட் 2001இல் கெடாவில் வந்தது. அங்கேயும் வணிகம் இருக்கிறது. அதற்கும் முன்னால், 1960இல், துன் சம்பந்தன் தோட்டத் தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி சேர்த்துத் தோட்டங்களை விலைக்கு வாங்கும் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மரம் சீவியவர்கள் மரத்துக்குச் சொந்தக்காரர்களானார்கள். அதைவிடப் பெரிய மேலாண்மைப் பாடம் நம் வரலாற்றில் எனக்குத் தெரிந்து இல்லை. தன் பாடப்புத்தகத்தில் அந்தச் சங்கத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்றாள் அவள்.

மூன்றாம் நாள் இஸ்கண்டார் புத்ரி. முன்பு நூசாஜெயா. இஸ்கண்டார் மலேசியா வட்டாரத்தை 2006இல் அறிவித்த பிறகு செம்பனையை அழித்துப் போட்ட அகலச் சாலைகள். இங்கேதான் எடுசிட்டி. 2011இல் பிரிட்டனின் நியூகாசல் மருத்துவக் கிளை வந்தது. அடுத்த ஆண்டு சவுத்தாம்டன், பிறகு ரெடிங். ரெடிங் கிளையில் ஹென்லி வணிகப் பள்ளியின் படிப்புகள் நடக்கின்றன. பட்டம் பிரிட்டனில் உள்ள தாய்ப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும். கட்டடம் அழகு, வகுப்பு சிறியது, ஆங்கிலம் நன்றாக வரும். வசதியுள்ளவர்களுக்கும், பெரிய உபகாரச் சம்பளம் கிடைத்தவர்களுக்கும் நல்ல இடம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

எங்களுக்குக் கட்டணம்தான் பேச்சை முடித்தது. பொதுப் பல்கலைக்கழகத்தில் செலவின் பெரும்பகுதியை அரசு ஏற்கிறது. இங்கே முழுவதையும் குடும்பம் ஏற்க வேண்டும், பல மடங்கு. 1997இலிருந்து இருக்கும் பி.டி.பி.டி.என். கல்விக்கடன் அதில் ஒரு பகுதியைத்தான் தாங்கும். மிச்சத்துக்கு வீட்டை அடமானம் வைத்தவர்களை எனக்குத் தெரியும். பெயருக்காக வாங்கும் கடன், படித்து வரும் பிள்ளையைக் கிடைத்த முதல் வேலைக்குள் தள்ளிவிடும். கடன் கட்டுவதற்காகவே அவளும் விடிகாலை மூன்றரை மணிக்குப் பாலத்துக்குக் கிளம்புவாள். அப்புறம் படித்ததன் அர்த்தம் என்ன? இன்னொன்றும் இருக்கிறது. கிளை வளாகத்தின் எதிர்காலத்தை முடிவு செய்பவர்கள் வேறு நாட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே பணமுடை வந்தால் இங்கே பாடங்கள் குறையும். சேருவதற்கு முன், “நான் படித்துக்கொண்டிருக்கும்போது இந்தப் படிப்பை நிறுத்தினால் என்ன செய்வீர்கள்?” என்று எழுத்தில் கேட்டு வாங்குவது தவறில்லை. எந்தத் தனியார் நிறுவனத்திலும் இதைக் கேட்கலாம்.

அங்கிருந்து தஞ்சோங் பெலப்பாஸ் பக்கம் வண்டியைத் திருப்பினேன். எனக்குப் பிடித்த இடம், அவளுக்குக் காட்ட வேண்டும் என்று முதல் நாளிலிருந்தே மனத்தில் வைத்திருந்தேன். துறைமுகத்துக்குள் விடமாட்டார்கள். வெளிச்சாலையில் நின்று பார்த்தாலே போதும். சதுப்புக் காட்டுக்கு மேலே ஒட்டகச்சிவிங்கி வரிசைபோலப் பளுதூக்கிகள். கண்டெய்னர் லாரிகள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. தொண்ணூறுகளின் இறுதி வரை இது அலையாத்திக் காடு. 2000இல், அன்று உலகின் மிகப் பெரிய கப்பல் நிறுவனமாக இருந்த மெர்ஸ்க், சிங்கப்பூரில் வைத்திருந்த தன் மாற்றேற்று வேலையை இங்கே தூக்கிக்கொண்டு வந்தது. துறைமுகத்தில் முப்பது விழுக்காட்டுப் பங்கும் வாங்கியது. கட்டணம் குறைவு, தங்களுக்கென்று தனித் துறை, முடிவெடுப்பதில் பங்கு. இவை மூன்றுக்காகவும் உலகத்தின் முதல்தரத் துறைமுகத்தை விட்டு ஒரு சதுப்பு நிலத்துக்கு வந்தார்கள். இன்று ஆண்டுக்கு இருபதடிக் கணக்கில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட கண்டெய்னர்கள் இங்கே கைமாறுகின்றன.

நான் சொல்லச் சொல்ல அவள் கைப்பேசியில் குறித்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, “அப்ப சிங்கப்பூர்ல இருந்து வேலை இந்தப் பக்கமும் வரும்” என்றாள்.

வரும். வந்துகொண்டிருக்கிறது. 2025 ஜனவரியில் இரண்டு நாடுகளும் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கு ஒப்பந்தம் போட்டன. செடெனாக்கில் தரவு மையங்கள் எழும்புகின்றன. புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வடக்குக்கு நான்கு கிலோமீட்டர் ரயில்பாதை. ஜொகூரில் மேலாண்மை படிக்க நினைக்கும் பிள்ளைக்கு இந்த மாநிலமே பாடப்புத்தகம். ஆகவே ஸ்கூடாயை முதலாவதாகப் போடு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

அவள் முந்திக்கொண்டாள். “மாமா, நான் சிந்தோக்க முதல்ல போடவா?”

சிந்தோக் கெடாவில் இருக்கிறது, தாய்லாந்து எல்லைக்குப் பக்கத்தில். நெடுஞ்சாலையின் தென்கோடியிலிருந்து வடகோடி, எழுநூறு கிலோமீட்டருக்கு மேல். அங்கேதான் 1984இல் தொடங்கிய வட மலேசியப் பல்கலைக்கழகம், யூ.யூ.எம். மேலாண்மைக்கென்றே நிறுவிய பொதுப் பல்கலைக்கழகம். அங்கே வணிகம்தான் மூத்த பிள்ளை. வணிக நிர்வாகம், மனிதவளம், சரக்குப் போக்குவரத்து, வங்கி, காப்புறுதி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பட்டம், தனித்தனி ஆசிரியர் கூட்டம். இதையெல்லாம் அவள் ஏற்கெனவே படித்து வைத்திருந்தாள். என் சுற்றுப்பயணத்தில் அது இல்லை என்பதால் மூன்று நாள் சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

“பாடம் அங்க படிக்கிறேன். கடைசித் தவணை பயிற்சிக்கு இங்க வந்து, இந்தத் துறைமுகத்துலயே கேக்குறேன். பயிற்சிய எந்த ஊர்லயும் செய்யலாம்னு அந்த அண்ணன் சொன்னாருல்ல?”

பாரிட் ராஜா கேண்டீனில் அந்த மாணவர் அதைச் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்குத் தோன்றவில்லை, அவளுக்குத் தோன்றியது. பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுப்பதையும் பயிற்சி இடத்தைத் தேர்ந்தெடுப்பதையும் அவள் இரண்டு முடிவுகளாகப் பிரித்துவிட்டாள். நான் ஒன்றாகக் கட்டி வைத்திருந்தேன்.

அன்று மாலை ஜொகூர் பாரு இராஜமாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு, அத்தானும் மருமகனும் பாலத்திலிருந்து இறங்கி வரும் நேரத்துக்கு உங்கு புவான் சாலையில் ஒரு கடையில் காத்திருந்தோம். எட்டு மணிக்கு வந்தார்கள். இருவர் கண்ணும் சிவந்திருந்தது. தே தாரிக் வந்தது, ரொட்டி சானாய் வந்தது. அவள் நோட்டை விரித்து அப்பாவிடம் கணக்குச் சொன்னாள். கட்டணம், விடுதி, ஆண்டுக்கு மூன்று முறை வீட்டுக்கு வந்துபோகும் பஸ், கடன் எவ்வளவு, எத்தனை ஆண்டில் கட்ட முடியும், முதல் வகுப்பில் தேறினால் கடனில் விலக்குக் கேட்கும் வழி. அத்தான் இரண்டு இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்டார். அவளிடம் பதில் இருந்தது. அண்ணன்காரன்தான் முதலில் வாய் திறந்தான். “படிக்கட்டும்பா. பஸ்ஸு காசு நான் குடுக்குறேன். நம்ம வீட்ல ஒரு ஆளாவது விடிஞ்சப்புறம் வேலைக்குப் போகட்டும்.” அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை வாங்கி இன்னொரு முறை முதலிலிருந்து படித்தார்.

மறுநாள் காலை நான் கிளம்பும் முன் விண்ணப்பத்தை வரிசைப்படுத்தினாள். முதலில் சிந்தோக்கின் வணிக நிர்வாகம், இரண்டாவது சிந்தோக்கிலேயே சரக்குப் போக்குவரத்து, மூன்றாவது ஸ்கூடாய், நான்காவது பாரிட் ராஜாவின் உற்பத்தி மேலாண்மை. மீதி எட்டும் நாட்டின் பல மூலைகளில். ஒவ்வொன்றுக்கும் நேரே, அதை ஏன் போட்டாள் என்று ஒரு வரி. முடிவு இன்னும் வரவில்லை.

படித்து முடித்து வேலையில் இருக்கும் மலேசியத் தமிழர்களிடம் நான் கேட்பது இதுதான். உங்கள் உறவிலோ, நீங்கள் பிறந்த தோட்டத்திலோ, கோயில் வட்டாரத்திலோ ஆறாம் படிவம் முடித்த பிள்ளை ஒன்று இருக்கும். அந்த வீட்டில் யாரும் பல்கலைக்கழக வாசலை மிதித்திருக்க மாட்டார்கள். அடுத்த யூ.பி.யூ. விண்ணப்பம் மூடுவதற்கு முன் இரண்டு நாள் விடுப்பு எடுங்கள். அந்தப் பிள்ளையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இரண்டு வளாகங்களைக் காட்டுங்கள். கேண்டீனில் ஒரு மூத்த மாணவரோடு உட்கார வையுங்கள். அம்மா அப்பா முன்னால் கணக்கை அந்தப் பிள்ளையையே சொல்லச் சொல்லுங்கள்.